ஒரே காற்றில் பாடியவர்கள்

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 10, பெரிய வெள்ளி. ஜெர்மனியின் லைப்சிக் நகரில், யோகான் செபாஸ்டியன் பாக் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் தூய தோமா ஆலயத்தில் அவருடைய ‘யோவான் திருப்பாடுகள்’ பாடப்பட்டது. 1724-இல் இதே ஊரின் தூய நிக்கொலா ஆலயத்தில் முதன்முதலாக ஒலித்த படைப்பு அது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீளும். பாடகர் குழு, தனிப்பாடகர்கள், வயலின் முதல் ஓபோ வரை ஒரு வாத்தியக் குழு எல்லாம் அதற்கு வேண்டும். அன்று அதைத் தாங்கியவர்கள் மூன்றே பேர். பெனடிக்ட் கிறிஸ்ட்யான்சன் என்ற டெனர் பாடகர் சுவிசேஷகராகவும் இயேசுவாகவும் பிலாத்துவாகவும் ஒருவரே பாடினார். எலினா அல்பாக் ஹார்ப்சிகார்டும் சிறிய ஆர்கனும் வாசித்தார். தாள வாத்தியங்கள் பிலிப் லாம்பிரெக்டின் கையில். நடுநடுவே வரும் ஞானப்பாட்டுகளுக்கு மட்டும் எட்ட எட்ட நின்ற சில குரல்கள் துணை வந்தன. இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அவரவர் வீட்டிலிருந்தே அந்தப் பாட்டுகளில் சேர்ந்துகொள்ளும்படி அழைக்கப்பட்டார்கள்.

ஞானப்பாட்டுகளைச் சபையே பாடும் அந்த மரபு தமிழர்களுக்குப் புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த லுத்தரன் மிஷனரிகள், குறிப்பாக பப்ரிசியுஸ், ஜெர்மன் ஞானப்பாட்டுகள் பலவற்றைத் தமிழாக்கினார்கள். தமிழ் லுத்தரன் சபைகளில் அவை இன்றும் பாடப்படுகின்றன. சபையார் எல்லாரும் வாய்திறந்து பாடுவதுதான் அந்தப் பாட்டுகளின் உயிர். அந்தச் சபையாரே வரமுடியாத ஒரு பெரிய வெள்ளி லைப்சிக்குக்கு வந்தது, தமிழ்நாட்டுக்கும் வந்தது.

காரணம் கொரோனா என்பதை யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அந்த ஏப்ரலில் உலகம் நம்பியிருந்த விளக்கத்தின்படி பார்த்தால், கையை நன்றாகக் கழுவிவிட்டு, ஆளுக்கு ஆள் ஆறடி விட்டு நின்று, முப்பது பேர் தாராளமாகப் பாடியிருக்கலாம். இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும், அவை படிந்த இடத்தைத் தொட்ட கையால் முகத்தைத் தொட்டால் நோய் வரும் என்பதுதான் அன்றைய பாடம். இந்நோய் காற்றின் வழியே பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் 28 அன்று சமூக ஊடகங்களில் அடித்துச் சொல்லியிருந்தது. அந்தப் பாடத்தை மாற்றி எழுதவைத்த சாட்சிகளுள் முக்கியமானவர்கள் பாடகர்கள். தாங்கள் சாட்சி சொல்கிறோம் என்று அறியாமலே, சிலர் தங்கள் உயிரையே கொடுத்து, அதைச் சொன்னார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு வடக்கே மவுன்ட் வெர்னன் என்ற சிற்றூர். அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தின் கூடத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு வாராவாரம் செவ்வாய்க்கிழமை கூடிப் பயிற்சி செய்யும். அது ஆலயத்தின் சொந்தக் குழு அல்ல, ஊர்மக்களின் குழு. உறுப்பினர் 122 பேர். நோய் குறித்த அச்சம் பரவத் தொடங்கியிருந்ததால், மார்ச் 10 அன்று 61 பேர்தான் வந்தார்கள். வாசலில் கைக்குத் திரவம் கொடுத்தார்கள். கட்டிப்பிடிக்கவில்லை, கைகுலுக்கவில்லை. மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பது மணிவரை பயிற்சி நடந்தது. முதல் 40 நிமிடம் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள், பிறகு 50 நிமிடம் இரண்டு குழுக்களாகப் பிரிந்தார்கள், 15 நிமிடம் இடைவேளை, கடைசி 45 நிமிடம் மறுபடி ஒன்றாக. நாற்காலிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. வந்தவர்களில் ஒருவருக்கு மூன்று நாளாகச் சளி பிடித்தாற்போல இருந்தது.

அந்த 61 பேரில் 53 பேர் நோயுற்றார்கள். 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது, 20 பேருக்கு அறிகுறிகளை வைத்துச் சொன்னார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். அந்த மாவட்டச் சுகாதாரத் துறையினர் ஒவ்வொருவரிடமும் பேசி, யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் நாற்காலியை எடுத்து வைத்தார்கள் என்பதுவரை கேட்டுத் தயாரித்த அறிக்கை, மே மாதம் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழில் வெளிவந்தது. தொற்றுநோயியலில் இவ்வளவு நேர்த்தியான ஆவணம் அரிதாகத்தான் கிடைக்கும். ஒருவரிடமிருந்து தெறிக்கும் துளி ஐம்பத்திரண்டு பேர் முகத்தில் நேராக விழ வழியில்லை. ஒரே கைப்பிடியை அத்தனை பேர் தொட்டு, அத்தனை பேரும் கண்ணைக் கசக்கியிருக்கவும் முடியாது. அந்தக் கூடத்தில் அவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது காற்று ஒன்றுதான்.

அவர்கள் மட்டுமல்ல. ஆம்ஸ்டர்டாமில் மார்ச் 8 அன்று, மேலே சொன்ன அதே ‘யோவான் திருப்பாடுகள்’ படைப்பைப் பாடிய ஒரு குழுவில் 130 பேரில் 102 பேர் நோயுற்றார்கள். குழுவைச் சேர்ந்த ஒருவரும், உறுப்பினர்களின் துணைவர்கள் மூவரும் இறந்தார்கள். மார்ச் 9 அன்று பெர்லின் பேராலயப் பாடகர் குழுவின் பயிற்சிக்கு வந்த எண்பது பேரில் பெரும்பாலோர் நோயுற்றார்கள். மூன்று நாளில் மூன்று ஊர்கள். அந்த ஆண்டு ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்ட்டன் இருவரும் எழுதி, 239 அறிவியலாளர்கள் ஆதரித்த திறந்த மடல், காற்றுவழிப் பரவலை ஒப்புக்கொள்ளும்படி உலக சுகாதார நிறுவனத்தை வலியுறுத்தியது. சில நாளில் அந்த நிறுவனம் வெளியிட்ட குறிப்பில், காற்றுவழிப் பரவலுக்கு இடமுண்டு என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பாடகர் குழுப் பயிற்சியும் இடம்பெற்றது.

பாடும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது?

நுரையீரலின் மிக நுண்ணிய குழாய்களின் சுவரில் ஈரப்படலம் படர்ந்திருக்கிறது. மூச்சை வெளியே விடும்போது அக்குழாய்கள் ஒடுங்கிச் சுவரோடு சுவர் ஒட்டுகின்றன. மூச்சை இழுக்கும்போது அவை விரிய, ஒட்டிய படலம் இழுபட்டு அறுந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகச் சிதறுகிறது. மூச்சு எவ்வளவு ஆழமோ, துளிகள் அவ்வளவு அதிகம். நீண்ட அடியை ஒரே மூச்சில் பாடப் பழகிய பாடகரின் மூச்சு நம் மூச்சைவிட ஆழமானது. இரண்டாவது ஊற்று குரல்வளை. ஆர்கனிஸ்ட் சுருதிக்காகக் கொடுக்கும் ‘ஏ’ சுரத்தை ஒரு சொப்ரானோ பாடினால், அவருடைய குரல்நாண்கள் விநாடிக்கு 440 தடவை மோதிப் பிரிகின்றன. ஒவ்வொரு மோதலிலும் அவற்றின் மேலுள்ள ஈரம் கொஞ்சம் தெறிக்கிறது. மூன்றாவது வாய். ப, த, ட போன்ற எழுத்துகளை அழுத்திச் சொல்லும்போது உதட்டிலும் நாவிலும் உள்ள எச்சில் பிரிந்து பறக்கிறது. சொல் தெளிவாக விழவேண்டும் என்று கொயர் மாஸ்டர் சொல்லச் சொல்ல, அது கூடும்.

இவற்றில் வாயிலிருந்து வருபவைதாம் பெரியவை. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அகலமுள்ள துளி சில விநாடியில் தரைக்கு வந்துவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள துளிக்குச் சில நிமிடம் பிடிக்கும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள துளியோ, அசையாத காற்றில்கூட ஆளுயரத்திலிருந்து தரைக்கு இறங்க அரைநாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். எந்த அறையிலும் காற்று அசையாமல் இருப்பதில்லை என்பதால், அது நடைமுறையில் விழுவதே இல்லை, மிதந்துகொண்டே இருக்கும். பீடத்தருகே தூபக்கலசத்தை ஆட்டிய சற்று நேரத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சாம்பிராணி மணம் எட்டிவிடுகிறதே, அதே போக்குதான் இந்த நுண்துளிகளுக்கும். சாம்பிராணிப் புகையின் முன்னால் ஆறடி இடைவெளி எவ்வளவு தூரம் உதவும் என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

இவையெல்லாம் 2020-இல் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் செய்தி. 1968-இலேயே ராபர்ட் லவுடன், ரினா மேரி ராபர்ட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பாடுவதும் காசநோய்ப் பரவலும் என்ற பொருளில் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். பேச்சு, பாட்டு, இருமல் மூன்றையும் ஒப்பிட்டு, அரைமணி கழித்தும் காற்றில் எவ்வளவு எஞ்சுகிறது என்று அளந்தார்கள். பாட்டு பேச்சைக் காட்டிலும் பல மடங்கு மிகுந்து, இருமலுக்குப் பக்கத்தில் நின்றது. அரை நூற்றாண்டாக அந்தக் கட்டுரை நூலகங்களில் கிடந்தது.

பிறகு வந்த அளவீடுகள் அதைச் செம்மைப்படுத்தின. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2019-இல் வெளியான ஆய்வு, குரலின் உரப்பு ஏற ஏற நுண்துளிகளும் ஏறுகின்றன என்று காட்டியது. மெல்லிய குரலில் விநாடிக்கு ஒன்று என்றால், உரத்த குரலில் ஐம்பது வரை. ஒரே உரப்பில் பேசினாலும் சிலரிடமிருந்து மட்டும் மற்றவர்களைவிடப் பல மடங்கு துளிகள் வெளிவந்தன. ஏன் என்பதற்கு விடையில்லை. 2020 கோடையில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக வேதியியலாளர் ஜோனதன் ரீட் குழுவினர் 25 பாடகர்களை அளந்தார்கள். அளந்த இடம் எலும்பு அறுவை நடக்கும் அரங்கம். வெளியிலிருந்து தூசே வராத அறையாக இருந்தால்தான் ஒருவர் வாயிலிருந்து வருவதை மட்டும் எண்ணமுடியும். முடிவு பலரை வியக்கவைத்தது. ஒரே உரப்பில் பாடினாலும் பேசினாலும் பெரிய வேறுபாடு இல்லை, பாட்டில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் மெல்லிய குரலிலிருந்து மிக உரத்த குரலுக்குப் போனால், பேச்சானாலும் பாட்டானாலும், துளிகளின் மொத்த அளவு 20 முதல் 30 மடங்கு உயர்ந்தது.

ஆகக் குற்றவாளி ராகமும் அல்ல, பாட்டும் அல்ல. உரத்த குரல், நெடுநேரம், மாறாத காற்று ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால்தான் கேடு. பாடகர் குழுவின் பயிற்சியில் மூன்றும் இயல்பாகவே கூடிவிடுகின்றன.

மூன்றாவதைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம். ஸ்காஜிட் கூடத்தின் கொள்ளளவு 810 கன மீட்டர் என்று பின்னர் ஷெல்லி மில்லர் தலைமையில் காற்றோட்டப் பொறியாளர்கள் கணக்கிட்டார்கள். பயிற்சி நேரம் முழுவதும் வெளிக்கதவுகள் மூடியிருந்தன. மணிக்கு ஒரு முறைகூட முழுக்காற்றும் மாறியிருக்காது என்பது அவர்கள் முடிவு. இத்தகைய நிலையைக் கணிக்க வெல்ஸ்-ரைலி என்ற பழைய சமன்பாடு ஒன்று உண்டு. 1930-களில் காற்றுவழித் தொற்றை ஆராய்ந்த வில்லியம் வெல்ஸும், ஒரு பள்ளியில் பரவிய மணல்வாரி அம்மையைப் பற்றி 1978-இல் ஆய்வு வெளியிட்ட ரைலி குழுவினரும் அதற்குப் பெயர் கொடுத்தவர்கள். அதில் இந்தக் கூடத்தின் எண்களைப் போட்டால், இரண்டரை மணி நேரம் இருந்தவர் ஒரு மணி நேரம் இருந்தவரைவிட இரண்டரை மடங்கு அல்ல, ஏறத்தாழ ஐந்து மடங்கு வைரஸை உள்ளே இழுத்திருப்பார் என்று வருகிறது. அடைத்த அறையில் நேரம் போகப்போக நுண்துளிகள் சேர்ந்துகொண்டே போவதுதான் காரணம். கடைசி 45 நிமிடத்தின் காற்று முதல் 45 நிமிடத்தின் காற்றைவிட மிகக் கனத்தது. அதே சமன்பாட்டில் காற்றை மட்டும் மணிக்கு ஐந்து முறை மாற்றினால், தொற்று வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்குகிறது. நேரத்தை மட்டும் ஒரு மணியாகக் குறைத்தாலும் அப்படியே.

தூரம் காப்பாற்றவில்லை என்பதற்கு ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இன்னொரு சாட்சி கிடைத்தது. 2020 ஜூலையில் ஓர் ஆலயத்தில் பாடகர் ஒருவர் தனக்கு நோய் இருப்பதை அறியாமல் நான்கு ஆராதனைகளில் பாடினார். சபையாரை விட்டு விலகி, உயரமான மேடையில், பியானோ அருகே இருந்தார். ஆராதனைகளின் ஒளிப்பதிவு கையிலிருந்ததால், யார் எங்கே இருந்தார் என்று ஆய்வாளர்கள் துல்லியமாகப் பார்க்கமுடிந்தது. 12 பேருக்குத் தொற்றியது. அவர்கள் உட்கார்ந்திருந்தது அவரிடமிருந்து 1 முதல் 15 மீட்டர் தொலைவுக்குள், கூடத்தின் ஒரே பகுதியில். முகக்கவசம் இல்லை, காற்றோட்டமும் மிகக் குறைவு.

இந்த இடத்தில் பழைய பேராலயங்களுக்கு ஒரு நியாயம் செய்யவேண்டும். ஹார்வர்டின் வாலஸ் சாபின் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட விதிப்படி, ஓர் அரங்கின் எதிரொலிப்பு நேரம் அதன் கொள்ளளவோடு சேர்ந்து வளரும். லண்டன் தூய பவுல் பேராலயத்தின் கொள்ளளவு சுமார் ஒன்றரை லட்சம் கன மீட்டர். அங்கே ஆர்கன் நின்ற பிறகும் ஒலி பத்து விநாடிக்கு மேல் சுழல்கிறது. அந்தச் சுழற்சியைத் தரும் அதே கொள்ளளவுதான் ஒருவரின் மூச்சையும் கரைத்து நீர்க்கச் செய்கிறது. ஸ்காஜிட் கூடத்தைப் போல 180 மடங்குக்கு மேல் பெரிது அது. ஆபத்து பெரிதும் குடியிருந்தது பேராலயத்தின் நடுக்கூடத்தில் அல்ல, அதன் பின்னால் பாடகர்கள் பயிற்சி செய்யும் தாழ்வான, சன்னல் சாத்திய அறையில். கொரோனாக் கால விதிகளை எழுதியவர்கள் இந்த வேறுபாட்டைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

பயிற்சியும் ஆராதனையும் நின்றவுடன் எல்லாரும் திரும்பியது இணையத்தின் பக்கம். ஒரு ஜூம் கூட்டத்தில் ஐம்பது முகங்கள், ஆயர் பாட்டு எண்ணைச் சொல்ல, எல்லாரும் ஒன்றாகத் தொடங்கினால் வெறும் இரைச்சல். உலகெங்கும் அந்த ஞாயிறுகளில் நடந்தது இதுதான்.

ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம்மை அடைய விநாடியில் ஆயிரத்தில் 29 பங்கு, அதாவது 29 மில்லி விநாடி ஆகும். கிட்டத்தட்ட அதுதான் மனிதர்கள் தாளம் தவறாமல் சேர்ந்து இசைப்பதற்கான எல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ் சேஃப் கைதட்டலை வைத்துச் செய்த சோதனைகளில், தாமதம் பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி அளவில் இருந்தபோது தாளம் நிலையாக நின்றது. அதைவிட மிகுந்தபோது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க, லயம் தேய்ந்துகொண்டே போனது. தாமதமே இல்லாதபோது லயம் ஓடத் தொடங்கியது என்பது இன்னும் வியப்பு. ஒரே மேடையில் சில மீட்டர் இடைவெளியில் நிற்பவர்களுக்குள் இயல்பாக உள்ள தாமதமே நம் காதுக்கு உகந்தது போலிருக்கிறது.

இணையத்தில் அந்தத் தாமதம் எளிதில் 150 மில்லி விநாடியைத் தாண்டும். அதை ஒலியின் தொலைவாக மாற்றினால், பக்கத்தில் நிற்கவேண்டிய ஆல்ட்டோ பாடகர் 50 மீட்டர் தள்ளி நிற்கிறார். கம்பிவழித் தொலைவு இதில் சிறு பங்குதான். கண்ணாடி இழையில் ஒளி ஆயிரம் கிலோமீட்டரை ஐந்து மில்லி விநாடியில் கடந்துவிடும். ஒலியைச் சுருக்குவது, தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பித் திருப்புவது, வழியில் பிந்திவரும் துண்டுகளுக்காகக் காத்திருப்பது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும் நேரமே மிகுதி. போதாததற்கு, அந்த மென்பொருள் பேச்சுக்கென்று செய்யப்பட்டது. ஒரு குரலை முன்னே விட்டு மற்றவற்றை அமுக்கும். ஆர்கனின் நீண்ட சுரத்தை மின்விசிறியின் இரைச்சல் என்று எண்ணி அழிக்கும். எனவே சபையார் எல்லாரும் தங்கள் மைக்கை அணைத்துவிட்டு, ஒரேயொரு குரலோடு தனித்தனியே பாடவேண்டியதாயிற்று. பக்கத்தில் பாடுபவரைக் கேட்காமல் பாடுவது சபைப் பாட்டு ஆகாது என்று அன்று பலரும் உணர்ந்தார்கள்.

சேஃப் குழுவினர் முன்பே செய்துவைத்திருந்த ‘ஜாக்டிரிப்’, வோல்கர் ஃபிஷர் உருவாக்கிய ‘ஜாமுலஸ்’ ஆகிய இரண்டும் தாமதத்தை இசைக்கேற்ற அளவுக்குக் குறைத்தன. கம்பி இணைப்பு, நல்ல மைக், பொறுமை மூன்றும் இருந்த குழுக்கள் ஓரூருக்குள் இருந்தபடி இவற்றின் வழியே பாடின. மற்றவர்கள் தனித்தனியே பதிவு செய்து ஒட்டும் வழிக்குப் போனார்கள். எரிக் விட்டேக்கர் 2020 ஜூலையில் வெளியிட்ட அத்தகைய பாட்டில் 129 நாடுகளின் 17,572 பேர் பாடினார்கள். சின்ன ஆலயங்களிலும் இதே முறைதான். காதில் தாளக்கட்டை ஒலிக்க, கைபேசி முன் ஒவ்வொருவரும் தனியே பாடி அனுப்புவார்கள். கொயர் மாஸ்டர் இரவெல்லாம் உட்கார்ந்து அவற்றை இழைத்துச் சேர்ப்பார். பொருந்தாத மூச்சொலியை வெட்டுவார், பிந்திய ‘ஸ்’ ஒலியை முன்னே நகர்த்துவார். நான்கு நிமிடப் பாட்டுக்குப் பின்னால் கிடந்த அந்த உழைப்பை ஞாயிறு காலையில் பார்த்தவர்களில் பலர் அறியமாட்டார்கள்.

திரும்பவும் ஆலயத்துக்குள் வரலாம் என்ற நிலை வந்தபோது ஆர்கனிஸ்டுகள் எதிர்பாராத ஒரு சிக்கலைக் கண்டார்கள். ஐரோப்பாவின் குளிர்காலத்தில் கதவு சன்னல்களைத் திறந்துவைக்கச் சொன்னார்கள். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் குறையும். அதோடு, ஆர்கனில் புல்லாங்குழல் போலச் செயல்படும் குழாய்களின் சுருதியும் இறங்கும். பத்து டிகிரி குளிர்ந்தால் அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறக்கம். அதே ஆர்கனிலுள்ள நாக்குக் குழாய்களில் சுருதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உலோக நாக்கு என்பதால் அவை அவ்வளவு இறங்குவதில்லை. விளைவு, ஒரே வாத்தியம் தனக்குள்ளேயே சுருதி பிரிந்துவிடும். நல்ல காற்றா, நல்ல சுருதியா என்று தெரிவுசெய்யவேண்டிய அந்த மாதங்களில், நாக்குக் குழாய்களைத் தொடாமல் ஒதுக்கிவைப்பது ஒரு வழியாக இருந்தது.

முகக்கவசம் போட்டுப் பாடியதில் இழப்பு குறைவுதான். உச்ச அதிர்வெண்கள் சில டெசிபல் மங்கும், மெய்யெழுத்துகள் மழுங்கும். இடைவெளி விட்டு நின்றதுதான் பாடகரை அதிகம் வாட்டியது. தன் குரல் மட்டும் பெரிதாகக் கேட்க, கூட்டத்தின் குரல் எங்கோ கேட்டது.

இந்தக் கூட்டத்தின் குரல் வெறும் உணர்ச்சி அல்ல. சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்ஹாஃப் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி மாணவர்கள் சேர்ந்து ஒரு ஞானப்பாட்டைப் பாடியபோது அவர்களுடைய இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. அடி முடியும் இடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குவதும், மூச்சோடு இதயத் துடிப்பு ஏறியிறங்குவதும் காரணம். ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் சேர்ந்து செய்த ஆய்வுகள், சேர்ந்து பாடிய பிறகு வலி தாங்கும் ஆற்றல் கூடுவதையும், முன்பின் அறியாதவர்கள் மற்றக் கூட்டுப் பயிற்சிகளைவிடப் பாட்டில் விரைவாக நெருங்குவதையும் காட்டின. ஒருவரை ஒருவர் நெருங்கவைக்கும் அதே மூச்சுதான் நோயையும் கொண்டுபோனது. பாட்டை நிறுத்தச் சொன்னவர்கள் எதை நிறுத்தச் சொல்கிறோம் என்று அறிந்து சொல்லியிருக்கவேண்டும்.

முதலில் நிறுத்தியது சரி. அதில் எனக்கு ஐயமில்லை. இந்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜூன் 4 அன்று வழிபாட்டு இடங்களுக்கு வெளியிட்ட நெறிமுறையில், பாடகர் குழுக்களை அனுமதிக்கவேண்டாம், இயன்றவரை பதிவுசெய்த பக்திப் பாடல்களை ஒலிக்கவிடலாம் என்று சொன்னது. அன்றைய அறிவுக்கு அது பொருத்தமான முடிவு. கலிபோர்னியா ஜூலையில் ஆலயங்களில் பாடுவதைத் தடைசெய்தது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அங்கு உள்ளே கூடுவதற்கான முழுத் தடையை விலக்கியபோதும், பாட்டுக்கான தடையை அப்போதைக்கு விட்டுவைத்தது. இங்கிலாந்து நடந்துகொண்ட விதத்தைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை. 2021 மே 17 முதல் மதுக்கூடங்களுக்குள் உட்கார்ந்து உரக்கப் பேசிச் சிரிக்கலாம் என்று ஆனபோது, தொழில்முறை அல்லாத பாடகர் குழுக்கள் உள்ளே ஆறு பேருக்கு மேல் பாடக்கூடாது என்றார்கள். சபையார் பாடுவதற்கு ஜூலை 19 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. உரப்புதான் அளவுகோல், பாட்டு அல்ல என்று பிரிஸ்டல் ஆய்வு சொல்லி ஓராண்டு ஆகப்போகும் நேரம் அது. அளந்து சொன்ன பிறகும் அளவை மதிக்காதது பாடகர்களுக்கு இழைத்த அநீதி.

பாட்டுக்குத் தடை இருந்த காலத்திலும் அந்நாட்டு ஆலய இசைஞர்கள் சும்மா இருக்கவில்லை. 2021 ஜனவரியில் சால்ஸ்பரி பேராலயம் தடுப்பூசி மையமாக மாறியபோது, ஊசி போட்டுக்கொண்டு பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்த முதியவர்களுக்கு டேவிட் ஹால்ஸ், ஜான் சாலஞ்சர் என்ற இரு ஆர்கனிஸ்டுகள் முறைவைத்து வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது எல்லாம் பழையபடி நடக்கிறது. நம் ஊர் ஆலயங்களும் நிறைகின்றன. ஆனால் இந்த அறிவில் நமக்குப் பயன்படுவதை எடுத்துக்கொண்டோமா என்று கேட்கவேண்டியிருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்திய நம் ஆலயங்களின் உயர்ந்த கூரையும் எதிரெதிர்ச் சன்னல்களும் வெயிலுக்காக வைத்தவை, நோய்க்கும் உதவின. புதிதாகக் கட்டும் ஆலயங்களில் கூரை தாழ்கிறது, சன்னல் கண்ணாடியாகிறது, ஏசி வருகிறது. சுவரில் மாட்டும் ஸ்பிலிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தருகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. மின்விசிறியும் கலக்குமே ஒழிய மாற்றாது. 2023-இல் அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கம் காற்றுவழித் தொற்றைக் கட்டுப்படுத்துவதற்கென்றே ஒரு தரநிலையை வெளியிட்டது. தலைக்கு எவ்வளவு தூய காற்று வேண்டும் என்று சொல்லும் அந்தப் பட்டியலில் வழிபாட்டு இடத்துக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

சபைக்குழு விரும்பினால் இதை அளக்கப் பொறியாளர்கூட வேண்டாம். வெளிக்காற்றில் கார்பன் டையாக்சைடு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. நாம் விடும் மூச்சில் அது 40,000 பங்கு. ஆகவே கையடக்கமான மீட்டர் ஒன்றில் 1,420 என்று காட்டினால், அந்த அறையில் இழுக்கும் நாற்பது மூச்சில் ஒன்று இன்னொருவர் விட்டது. சனிக்கிழமை மாலை, முப்பது பேர் கிறிஸ்துமஸ் பாட்டுக்காகக் கூடும் பயிற்சி அறையில் அந்த மீட்டரை ஆர்மோனியத்தின் மேல் வைத்து, எண் ஆயிரத்தைத் தொடும்போதெல்லாம் கதவைத் திறந்து பத்து நிமிடம் இடைவேளை விட்டால் போதும். ஆர்கனுக்கும் கீபோர்டுக்கும் ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவு ஒதுக்கும் சபைகளுக்கு அந்த மீட்டரின் விலை ஒரு பொருட்டே அல்ல.